மின்கல இதயமுடுக்கியின் வரலாறு

நோயாளி உடலில் அணிந்துகொள்ளக்கூடிய, மின்கலத்தால் இயங்கும் இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையின் தேவையிலிருந்து பிறந்தது.

1950களில் அங்கு அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லிஹை, குழந்தைகளின் இதயத்தில் பிறவியிலேயே அமைந்த துளைகளை அடைத்துவந்தார். தையலிடும்போது இதயத்தின் மின்கடத்தும் பாதை சிலருக்குச் சேதமுற்று, துடிப்பு மிகவும் குறைந்தது. எனவே, இதயத்தசையில் பொருத்திய மெல்லிய கம்பி வழியே வெளியிலிருந்து மின்துடிப்பு செலுத்தப்பட்டது. ஆனால் அக்கருவி சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருந்தது. மின்கம்பியின் நீளமே குழந்தை நடமாடும் எல்லை.

1957 அக்டோபர் 31 அன்று மினியாப்பொலிசில் மின்தடை ஏற்பட்டது. மின்சாரம் நின்றால் இக்குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து என்பது தெளிவாயிற்று. லில்லிஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த பொறியாளர் ஏர்ல் பாக்கனை நாடினார். இசைப்பயிற்சியில் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கான டிரான்சிஸ்டர் மின்சுற்று ஒன்று மின்னணுவியல் இதழொன்றில் வெளிவந்திருந்தது. பாக்கன் அதை மாற்றியமைத்து, சில வாரங்களில் கையடக்கமான பெட்டி ஒன்றைச் செய்தார். விலங்கில் சோதித்த மறுநாளே அது ஒரு குழந்தையின் இதயத்தை இயக்கியது.

இன்றைய மருத்துவக் கருவி விதிகள் அத்தகைய விரைவை அனுமதிப்பதில்லை. எனினும், மருத்துவரின் தேவையைப் பொறியாளர் நேரில் அறிந்து தீர்வு காணும் அந்த முறையே உயிர்மருத்துவப் பொறியியலின் அடிப்படையாக நீடிக்கிறது.