தெருவரைக்கும் வந்த தண்ணீர்

நம் பட்டணத்துக் குழாய்த் தண்ணீரின் கதை ஏழுகிணற்றில் ஆரம்பிக்கிறது. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி அங்கே கிணறுகள் வெட்டி, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அது கோட்டைக்காரர்களுக்கான தண்ணீர். ஊருக்கென்று ஒரு ஏற்பாடு வர இன்னும் நூறு வருடம் ஆயிற்று. 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. அதை வடிகட்டித் தரும் நிலையம் 1914இல்தான் வந்தது. அதைச் செய்த பொறியாளர் மேட்லியின் பெயர் தி.நகரில் ஒரு சாலைக்கு இருக்கிறது.

பிறகு 1978இல் குடிநீர் வாரியம், 1996இல் கிருஷ்ணா நீர், 2004இல் வீராணம். நம் வடசென்னைக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் திறன். இத்தனையும் சாதாரண வேலை இல்லை.

ஆனால் இவ்வளவும் தெருவோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே இருக்கும் குழாய் வீட்டுக்காரர் பாடு. தெருக் குழாயில் அழுத்தம் போதாததால் ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் வாசலில் பள்ளம் எடுத்து அடி பம்பு வைத்தோம். வசதி உள்ளவர்கள் சம்ப் கட்டினார்கள். சிலர் குழாயிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சினார்கள். அப்படி உறிஞ்சும்போது அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பது மட்டுமல்ல, விரிசல் வழியாகச் சாக்கடையும் குழாய்க்குள் வந்துவிடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். குழாய் வேலை செய்பவரை அங்கே 'ப்ளோம்பியே' என்பார்கள். 'ப்ளோம்' என்றால் ஈயம். அந்தக் காலத்துக் குழாய் ஈயத்தில் செய்தது. ஆங்கிலத்துப் பிளம்பரும் அதே லத்தீன் வேரில் வந்த சொல்தான். அந்த நாடுகளில் அது பல வருடம் கூட இருந்து கற்றுக்கொள்ளும் தொழில். நம் ஊரிலும் ஐ.டி.ஐ.யில் அதற்குப் படிப்பு இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருபவர்களில் பலர் யாரோ ஒருவருக்குக் கையாளாகப் போய்க் கற்றவர்கள். அதில் கெட்டிக்காரரும் உண்டு. யார் கெட்டிக்காரர் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள நமக்குத்தான் வழியில்லை.

என் வீட்டில் போன வருடம் ஒரு கேட் வால்வு ஒழுகியது. வந்தவர் "நாளைக்கு வர்றேன் சார்" என்று முன்பணம் வாங்கிப் போனார். நான்கு நாள் மெயின் வால்வை மூடிவைத்து, நானும் மனைவியும் கீழிருந்து மாடிக்குக் குடம் தூக்கினோம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் இது வெறும் எரிச்சல். எங்கள் வயதில் ஈரப் படியில் கால் வழுக்கினால் ஆஸ்பத்திரிதான்.

நான் ஆசைப்படுவது பெரிய திட்டம் இல்லை. வார்டு அலுவலகத்தில் ஒரு பலகை போதும். பயிற்சி பெற்ற பிளம்பர்களின் பெயர், போன் நம்பர், வாஷர் மாற்ற இவ்வளவு, வால்வு மாற்ற இவ்வளவு என்று கூலி விவரம், சரியாகச் செய்யாவிட்டால் சொல்ல ஓர் இடம். வேலை செய்பவருக்கும் அதில் நிலையான வருமானமும் மரியாதையும் கிடைக்கும். கடல் தண்ணீரையே குடிநீராக்கித் தெருவரைக்கும் கொண்டுவந்த ஊருக்கு, அங்கிருந்து சமையலறைவரை கொண்டுவருவது முடியாத காரியமா?