சேர்த்தது ஒன்று, தொலைத்தது ஒன்று

2001ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் ‘நேச்சர்’ இதழ் இரண்டு பாக்டீரியாக்களின் முழு மரபணுத்தொகுதியை அடுத்தடுத்து வெளியிட்டது. ஜனவரியில் ஈ. கோலை ஓ157:எச்7, பிப்ரவரியில் தொழுநோய்க் கிருமி. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாக்டீரியா மாறும் இரு வழிகளும் அவற்றில் அப்பட்டமாகத் தெரிகின்றன.

ஓ157 சேர்த்துக்கொண்ட கிருமி. ஆய்வகங்களில் வளரும் சாதுவான கே-12 என்ற ஈ. கோலை வகையில் இல்லாத 1,387 மரபணுக்கள் இதில் இருந்தன. சிறுநீரகத்தையே செயலிழக்கவைக்கும் ஷிகா நச்சு இதன் பூர்விகச் சொத்தல்ல. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்து, தன் மரபணுக்களை இதன் டிஎன்ஏவில் செருகிவிட்டு அடங்கிக் கிடக்கிறது. நச்சுக்கான மரபணுவும் அதோடு வந்ததுதான். டிஎன்ஏ சேதமுற்றால் ஃபேஜ் விழிக்கும், செல் வெடிக்கும், நச்சு கொட்டும். சில ஆன்டிபயாடிக்குகளே அதைத் தூண்டிவிடக்கூடும் என்பதால் மருத்துவர்கள் இங்கே அவற்றைக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

தொழுநோய்க் கிருமியின் கதை நேர் எதிர். அதன் உறவான காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். தொழுநோய்க் கிருமியில் வேலை செய்பவை 1,604 மட்டுமே. இன்னும் 1,100க்கு மேற்பட்டவை நடுவில் உடைந்து, படிக்க முடியாத சிதிலங்களாகக் கிடக்கின்றன. இரும்புச் சத்தைப் பிடித்துவரும் மைக்கோபாக்டினைத் தயாரிக்கும் மரபணுக்கள்கூடப் போய்விட்டன. சோறு வெளியிலிருந்து வந்துவிடும் வீட்டில் அடுப்பு துருப்பிடிப்பது போலத்தான் இது. மனித செல்லுக்குள்ளேயே வாழ்கிறதே! அதனால்தான் இதை எந்த ஆய்வகத் தட்டிலும் வளர்க்க முடியவில்லை. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த ‘டிஎன்’ வகையை அர்மடில்லோ என்ற விலங்கின் உடலில் பெருக்கித்தான் மரபணுக்களைப் படித்தார்கள். இந்தக் கிருமி ஒருமுறை இரட்டிக்கவே இரண்டு வாரம் ஆகும்.

வேறுபாட்டுக்குக் காரணம் குடியிருக்கும் இடம் என்பேன். ஓ157 வாழும் குடலில் கோடிக்கணக்கான அண்டை பாக்டீரியாக்கள், ஓயாத ஃபேஜ்கள். கொடுக்கல் வாங்கல் நிற்பதே இல்லை. செல்லுக்குள் அடைபட்டதற்கு அண்டை அயல் கிடையாது. தொலைத்ததை யாரிடமும் வாங்க முடியாது. நோய்க்கிருமியாக மாற ஆயுதம் சேர்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தைத் தொழுநோய்க் கிருமி பொய்யாக்குகிறது. இழந்து இழந்தே அது மனிதனோடு ஒட்டிக்கொண்டது.

இந்தத் தனிமையில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு. மருந்தை எதிர்க்கும் மரபணுவை இது இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து கடன் வாங்குவதில்லை. தன் மரபணுவிலேயே பிறழ்வு நேர்ந்தால்தான் எதிர்ப்பு வரும். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபடுகிறது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் ஒளிக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், நோய் முற்றிலும் குணமாகும்.