எஸ்டேட் என்னும் சொல்



நம் நாவில் நாள்தோறும் புரளும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'எஸ்டேட்'. கடிதத்தில் முகவரியாக அதை எழுதினோம். சம்பந்தம் பேச வந்தவர்களிடம், "நாங்கள் இன்ன எஸ்டேட்" என்றோம். எஸ்டேட் என்றால் தோட்டம் என்றே நம்மில் பலர் பொருள் கொண்டிருக்கிறோம். அது தவறன்று, ஆனால் அது மட்டுமே பொருளும் அன்று. அச்சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை இன்று காண்போம்.

இலத்தீன் மொழியில் 'ஸ்டாட்டுஸ்' என்றொரு சொல் உண்டு. நிற்றல் என்னும் வினையிலிருந்து வந்த அச்சொல்லுக்கு 'நிலை' என்பது பொருள். பழங்காலப் பிரெஞ்சு மக்கள் அதன் முன்னால் ஓர் 'எ' சேர்த்து 'எஸ்டாட்' என்றார்கள். நம் பாட்டிமார் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னதும் இதே வழிதான். 1066-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியினர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்தில் புகுந்தன. எஸ்டேட்டும் அவற்றுள் ஒன்று. மாநிலத்தைக் குறிக்கும் 'ஸ்டேட்' அதன் உடன்பிறப்பு.

ஆகவே, எஸ்டேட் என்பதற்கு முதற்பொருள் மனிதனின் நிலை என்பதே. வாலிப நிலை, திருமண நிலை ஆகியவற்றைக் கூட ஆங்கிலேயர் அச்சொல்லால் குறித்தனர். பிறகு சமுதாயத்தில் ஒருவர் வகித்த நிலைக்கும் அது பெயராயிற்று. பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாம் எஸ்டேட், ஏனைய மக்கள் எல்லாரும் மூன்றாம் எஸ்டேட். 1789-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் அந்த மூன்றாம் எஸ்டேட்டின் பிரதிநிதிகள், "நாங்களே தேசிய மன்றம்" என்று அறிவித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கங்களுள் அது ஒன்று. பத்திரிகைகளை நான்காவது எஸ்டேட் என்று கூறும் வழக்கமும் இதனை ஒட்டி வந்ததே.

சரி, மனிதனின் நிலையைக் குறித்த சொல் மண்ணைக் குறிக்க வந்தது எப்படி? நார்மானியர் வெற்றிக்குப் பின் இங்கிலாந்தின் நிலம் அனைத்தும் மன்னருக்கே உரியது என்று சட்டம் கொண்டது. மற்றவர்களுக்கு இருந்தது அந்த நிலத்தின் மீது ஓர் உரிமை நிலை மட்டுமே. சிலருக்கு ஆயுள் வரை உரிமை. சிலருக்குப் பிள்ளை பேரன் வரை தொடரும் உரிமை. அந்த உரிமைக்குத்தான் எஸ்டேட் என்று பெயர். நாளடைவில் உரிமையின் பெயர் நிலத்துக்கே ஆகி வந்தது. பெருநிலக்காரரின் பண்ணையும் மாளிகையும் சேர்ந்து எஸ்டேட் ஆயின.

ஆங்கிலேயருடன் அச்சொல் மலாயாவுக்குக் கப்பலேறியது. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896-ல் மலாக்காவில் தான் சே யான் என்பவர் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அதன் பின் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அரசாங்கக் கணக்கில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் எஸ்டேட். குறைந்தால் சிறு தோட்டம். அளவு பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் அங்கே பால் வெட்டிய நம் முன்னோருக்கு எஸ்டேட் என்பது ஏக்கர்க் கணக்கு அன்று. விடியற்காலைப் பெரட்டு, லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில், தமிழ்ப் பள்ளி எல்லாம் அதற்குள் அடக்கம். பிறப்பும் இறப்பும் அதற்குள்ளேயே நடந்தன. துரைக்கும் கம்பெனிக்கும் எஸ்டேட் என்றால் உடைமை, நம்மவருக்கோ ஊர். சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு.

இந்த இரண்டு பொருளுக்கும் உள்ள இடைவெளி 1950-களில் கண்ணீராக வெளிப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். உடைமையாளருக்கு அது வியாபாரம். தொழிலாளிக்கோ வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் ஒரு சாண் மண்ணுக்கும் பத்திரம் இல்லை என்பது அன்று விளங்கியது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் ஆராய்ந்து எழுதினார். 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கியது. எஸ்டேட்டில் உழைத்தவன் எஸ்டேட்டில் பங்காளி ஆனான்.

நேயர்களே, அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இதனை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒருவர் காலமானபின் அவர் விட்டுச் செல்லும் வீடு, மனை, வங்கிப் பணம், நகை ஆகிய அனைத்துக்கும் சட்டத்தில் எஸ்டேட் என்றே பெயர். 'காலஞ்சென்ற இன்னாரின் எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், தோட்டத்து விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது நம் வீட்டுச் சொத்து விவகாரம். மலேசியாவில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சிறிய எஸ்டேட்டுகளை நில அலுவலகமே விசாரித்து வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதியிலும் ஒரு வசதி உண்டு. உயிரோடு இருக்கும்போதே, பணம் யாரைச் சேர வேண்டும் என்று பெயர் குறித்து வைக்கலாம். குறித்து வைத்தால் பணம் அவர் கைக்கு எளிதில் சேரும். குறிக்காமல் விட்டால், துயரத்தில் இருக்கும் குடும்பம் பத்திரங்களுக்காக அலைய நேரும்.

இன்று பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆங்கிலத்தில் அவற்றுக்கும் எஸ்டேட் என்றே பெயர். மலாயில் தாமான் என்கிறோம்; தாமான் என்றாலும் தோட்டம்தான். ஆனால் லயத்து வீட்டுக்கும் தாமான் வீட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தாமான் வீட்டின் பத்திரத்தில் நம் பெயர் இருக்க முடியும்.

நிலை என்று பிறந்த சொல் இது. நம் பிள்ளைகள் சொந்த மண்ணில் நிலைத்து நிற்க வேண்டுமானால், சொல்லின் இரண்டு பொருளையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். பெட்டியில் இருக்கும் பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்.