பரம்பரைச் சுழல்துப்பாக்கிகள்: அடையாளமும் காலமும்

ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கி, பல அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்வதால் அடுத்தடுத்துச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி ஆகும். பாட்டனார் காலத்திலிருந்து வந்த சுழல்துப்பாக்கிகள் பழைய குடும்பங்கள் சிலவற்றில் உரிமத்துடன் இன்றும் உள்ளன. அவற்றின் வயதைக் குடும்பக் கதை ஒருவிதமாகச் சொல்லும். இரும்பில் பொறித்த எழுத்தும் எண்ணும் வேறுவிதமாகச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் இரும்பின் சாட்சியையே முதலில் கேட்க வேண்டும். அதைப் படிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆரல்வாய்மொழியும் 1809-ஆம் ஆண்டும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசல். இதைக் காக்கத் திருவிதாங்கூர் அரசு இங்கே கோட்டை அரண் அமைத்திருந்தது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் அறிக்கை வெளியிட்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழுந்தார். பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கம்பெனிப் படை இந்த அரணைக் கைப்பற்றியது.

இத்தகைய வரலாறு உள்ள ஊரில், பழைய துப்பாக்கி எதைக் கண்டாலும் “தளவாய் காலத்தது” என்று சொல்லிவிடுவது எளிது. சுழல்துப்பாக்கிக்கு அது பொருந்தாது. சாமுவேல் கோல்ட் தம் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836-இல், அதாவது ஆரல்வாய்மொழிப் போருக்கு 27 ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்பும் ஐரோப்பாவில் சுழலும் துப்பாக்கிகளைக் கைவேலையாகச் செய்ததுண்டு. ஆனால் அவை மிக அரியவை. ஆலைகளில் செய்து உலகெங்கும் விற்கப்பட்டவை கோல்டுக்குப் பிந்தியவையே.

1809-இல் கம்பெனிச் சிப்பாய் ஏந்தியது குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் தீக்கல் துப்பாக்கி. கம்பெனித் துப்பாக்கிகளில் நான்காகப் பகுத்த இதய வடிவ முத்திரை முதலில் இருந்தது. 1808 முதல் பின்னங்காலில் நிற்கும் சிங்க முத்திரை வந்தது. ஆகவே தளவாய் காலத்துத் துப்பாக்கியைத் தேடுவோர் இந்த முத்திரைகளைத்தான் தேட வேண்டும்.

சுழல்துப்பாக்கிதானா?

கைக்கு அடக்கமான எல்லாத் துப்பாக்கியையும் “ரிவால்வர்” என்று சொல்வது நம் வழக்கம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் உருளை இருந்தால் மட்டுமே அது சுழல்துப்பாக்கி. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், தேடல் முழுவதும் தவறான வழியில் போய்விடும்.

அமைப்பு காட்டும் காலம்

சுடும் முறையையும் உருளை திறக்கும் முறையையும் கொண்டு காலத்தைத் தோராயமாக வகுக்கலாம்.

• உருளையின் பின்புறம் ஒவ்வோர் அறைக்கும் சிறு முலை போன்ற துருத்தல் இருந்தால், அது கேப்பு வைத்துச் சுடும் வகை. இது 1830-களின் பிற்பகுதி முதல் 1860-கள் வரை பரவலாக இருந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்சின் சுழல்துப்பாக்கி 1851-இல் காப்புரிமை பெற்றது.

• அறைகளின் ஓரத்தில் ஊசி நுழையும் சிறு வெட்டு இருந்தால், அது பக்கவாட்டில் ஊசி துருத்தும் தோட்டாவுக்கானது. இது 1850-களில் பிரான்சிலிருந்து பரவியது.

• உலோகத் தோட்டாவுக்கான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுழல்துப்பாக்கி 1857-இல் விற்பனைக்கு வந்தது. நடுவில் அடிபடும் தோட்டாக்கள் 1860-களுக்குப் பின் வழக்கமாயின.

• கீல் வைத்து நடுவில் மடங்கித் திறக்கும் வகையைப் பிரிட்டிஷ் படைக்காக வெப்லி நிறுவனம் செய்தது. அதன் முதல் மாதிரி 1887-இலும் ஆறாம் மாதிரி 1915-இலும் ஏற்கப்பட்டன.

• உருளை பக்கவாட்டில் வெளியே சாயும் வகை, 1889-இல் கோல்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய பின் பரவியது.

இவை தொடக்க எல்லையை மட்டுமே காட்டும். ஒரு மாதிரி பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்திருக்கலாம்.

பெயரும் முத்திரையும்

குழலின் மேலுள்ள பெயர் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் ஆர்.பி. ராடா போன்ற வணிக நிறுவனங்களும் தாங்கள் விற்ற துப்பாக்கிகளில் தங்கள் பெயரைப் பொறித்தன. செய்தவர் பெயர் கிடைத்தால் அதுவே காலத்தைச் சொல்லும். பி. வெப்லி அண்ட் சன் என்ற பெயர் 1897-இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்தபோது மாறியது. வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட் என்ற பெயர் 1906-இல் வந்தது.

அடுத்தது சோதனை முத்திரை. அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறது என்று உறுதி செய்தபின் அடிப்பது இது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் சட்டப்படி அமைந்தது. அதன் பழைய முத்திரையில் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள் இருக்கும். 1904 முதல் கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் வந்தன. பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளைக் கொண்டது. அதன்மேல் கிரீடம் சேர்ந்தது 1893-இல். பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் போலவே லியேஜில் ஏராளமாகச் செய்து விற்றார்கள் என்பதால், தோற்றத்தை மட்டும் பார்த்து “இங்கிலாந்துச் சரக்கு” என்று முடிவுகட்டக் கூடாது.

அகன்ற அம்புக்குறி அரசுப் படைக்கலம் என்பதைக் காட்டும். இரு அம்புகள் முனையோடு முனை சந்தித்தால், அது படையிலிருந்து வெளியே விற்கப்பட்டது என்று பொருள்.

தொடர் எண்ணின் வலிமை

1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்சைச் சுட பகத்சிங் பயன்படுத்திய கோல்ட் கைத்துப்பாக்கி பல்லாண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் இருந்தது. பஞ்சாபின் பில்லவூர் காவல் பயிற்சி நிலையத்திலிருந்து 1969-இல் இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஆயுதங்களோடு அதுவும் போயிருந்தது. அங்குள்ள துப்பாக்கிகளின் மேலிருந்த கருப்புச் சாயத்தை நீக்கிப் பார்த்தபோது ஒன்றில் 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணங்களில் இருந்ததும் அதே எண். 2016-இல் இது உறுதியானது. அந்த எண்ணை யாராவது தேய்த்து அழித்திருந்தால், நாட்டின் வரலாற்றுச் சின்னம் பெயரற்ற இரும்பாகவே கிடந்திருக்கும்.

வீட்டிலுள்ள துப்பாக்கிக்கும் இதே நெறிதான். சட்டகம், குழல், உருளை மூன்றிலும் உள்ள எண்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அவை வேறுபட்டால், பிற்காலத்தில் பாகம் மாற்றப்பட்டிருக்கலாம்.

வீட்டு ஆவணங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் ஆவணங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். ஆகவே ஆவணி முதல் மார்கழிவரை, ஆங்கில ஆண்டு முடியுமட்டும், 824-ஐயும் அதன்பின் 825-ஐயும் கூட்ட வேண்டும். ஒரு பழைய சீட்டில் 1110 என்றிருந்தால் அது 1934–35. உரிமச் சீட்டு, வாங்கிய ரசீது, உயில் ஆகியவை துப்பாக்கி அந்தக் குடும்பத்துக்கு வந்த காலத்தைச் சொல்லும். செய்த காலத்தைச் சொல்லா. இவ்விரண்டையும் குழப்புவதே குடும்பக் கதைகளில் நேரும் பொதுவான தவறு.

சட்டம்

பழையது என்பதால் மட்டும் உரிமம் வேண்டாம் என்றாகிவிடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதுபட்ட ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அவை பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாதவையாக இருக்க வேண்டும். உரிமதாரர் இறந்தபின் உரிமமின்றி ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 21-ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, வாரிசு புதிய உரிமம் கோரலாம். 2019-இன் திருத்தத்துக்குப் பின், பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

செய்யக் கூடாதவை

பரணில் துப்பாக்கி கிடைத்தால், அதில் தோட்டா இருக்கிறது என்றே கருத வேண்டும். விசையைத் தொட்டுச் சோதிக்கக் கூடாது. தோட்டா இல்லை என்பதை உரிமம் பெற்ற வணிகரோ காவல்துறையினரோ உறுதி செய்யட்டும். துருவைப் போக்க உப்புத்தாளோ அரமோ போடக் கூடாது. பளபளப்புக்காகத் தேய்க்கும்போது முதலில் அழிவது முத்திரைதான். கதை போனால் வீட்டுப் பெரியவர் யாராவது திரும்பச் சொல்வார். முத்திரை போனால் சொல்ல ஆளில்லை.