செரிக்காத மாவும் வேலூர் காலரா நோயாளிகளும்

பென்னலூர்ல ஷிப்ட் முடிச்சு வர்றவங்க நிறைய பேர் கேட்கிறீங்க: "டாக்டர், டப்பாவுல ப்ரீபயாடிக்னு போட்டிருக்கே, அது என்ன?"

நம்மால செரிக்க முடியாம, பெருங்குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடா போற நார்ச்சத்து மாதிரியான பொருள். பேரு வச்சது 1995-ல. ஆனா எனக்குப் பிடிச்ச கதை, நம்ம பெங்களூரு ஹைவேல நேரா போனா வர்ற வேலூர்ல நடந்தது.

ஓ.ஆர்.எஸ். காலராவுல உயிரைக் காப்பாத்தும். ஆனா பேதியைக் குறைக்காது. போறது போயிட்டேதான் இருக்கும். பார்க்கிற குடும்பத்துக்கு நம்பிக்கையே போயிடும்.

வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, 48 காலரா நோயாளிகளை மூணு பிரிவாக்கினாங்க. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். இன்னொண்ணுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு கலந்தது. மூணாவதுக்கு, சிறுகுடல்ல செரிக்காத மக்காச்சோள மாவு, அதே 50 கிராம். வழக்கமான ஓ.ஆர்.எஸ். குடிச்சவங்களைவிட மூணாவது பிரிவுக்குப் பேதி சீக்கிரம் நின்னுது, அளவும் குறைஞ்சுது. 2000-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு.

எப்படி? செரிக்காத மாவை பாக்டீரியா புளிக்க வச்சு, சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்துது. அது பெருங்குடலை உப்பை உறிஞ்ச வைக்குது. உப்பு போற பக்கம் தண்ணியும் போகும்.

சோறு ஆறும்போதும் இந்த வகை மாவு கொஞ்சம் உருவாகும் (பழைய சோத்தைக் கிண்டல் பண்ணவங்க கவனிக்க!). அதுக்காக, பேதி ஆகும்போது பழைய சோத்துத் தண்ணியே போதும்னு இருந்துடாதீங்க. முதல்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைச்சுக் குடிங்க.