குளமும் கொசுவும் புழுவும்: எம். ஓ. டி. ஐயங்காரின் திருவிதாங்கூர் யானைக்கால் ஆய்வு

திருவனந்தபுரம் நகரமும், வடக்கே காயலோரத்தில் கிடக்கும் சேர்த்தலையும் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. இரண்டிடத்திலும் யானைக்கால் நோய் இருந்தது. ஆனால் நகரத்தில் நோய் தந்தது உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. சேர்த்தலையில் பெரும்பாலும் புரூஜியா மலாயி. முன்னதைக் கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பியது. பின்னதை நீர்ச்செடியை நம்பி வாழும் மான்சோனியா. ஒட்டுண்ணி நோயை ஒழிக்க நினைப்பவர் நோயாளியின் இரத்தத்தோடு ஊரின் நீர்நிலையையும் உழவையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதைப் பூச்சியியல் அறிஞர் எம். ஓ. டி. ஐயங்காரின் பணி நிறுவியது. அவருடைய ஆய்வின் நிலைத்த பயன் இந்த முறையியலே என்பது இக்கட்டுரையின் வாதம்.

யானைக்கால் புழுவைக் கொசு தன் உடலில் வளர்க்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் கண்டார். மலாயி வகையின் நுண்புழு, அதாவது இரத்தத்தில் காணும் இளம்புழு, தனியினம் என்பதை 1927இல் புரூக் விவரித்தார். வங்காளத்தில் மலேரியாக் கொசுக்களை ஆராய்ந்துவந்த ஐயங்கார், 1930களில் திருவிதாங்கூரில் யானைக்கால் நோயைக் கள ஆய்வு செய்தார். அதன் விளைவான நூல் 1938இல் இந்திய மருத்துவ ஆய்வு நினைவேடுகளின் 30ஆம் வெளியீடாக வந்தது. மலாயி வகையின் முதிர்ந்த புழுவே 1940இல்தான் ராவ், மேப்பிள்ஸ்டோன் இருவராலும் விவரிக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்த நூல் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

சேர்த்தலைக் குளங்களில் மிதந்த ஆகாயத்தாமரையில்தான் சிக்கலின் முடிச்சு இருந்தது. மான்சோனியா இதன் இலையின் அடிப்பக்கத்தில் கொத்தாக முட்டையிடுகிறது. புழுப்பருவத்தில் அது மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. தன் மூச்சுக்குழலைச் செடியின் வேரில் குத்தி, வேரிலுள்ள காற்றையே இழுத்துக்கொள்கிறது. எனவே, மற்றக் கொசுப் புழுக்களை மூச்சுத்திணறச் செய்யும் எண்ணெய்ப் படலம் இங்கே பலிக்காது. செடியை அகற்றினால் கொசுவுக்கு இடமில்லை. ஆனால் அந்தச் செடி வெறும் களையன்று. தென்னைக்கு உரமாகும் என்று மக்களே அதைக் குளங்களில் வளர்த்தார்கள். நோயின் வேர் ஒரு வேளாண் வழக்கத்தில் இருந்தது. அதை மாற்றாமல் கொசுவை மாற்ற முடியாது.

கொசுவின் இயற்கைப் பகைவர்களையும் ஐயங்கார் தேடினார். அனாபிலிஸ் புழுக்களைத் தாக்கும் சீலோமோமைசிஸ் பூஞ்சையின் இரு புதிய இனங்களை 1935இல் விவரித்தார். கொசுப் புழுக்களைக் கொல்லும் உருளைப்புழு ஒன்று 1964இல் ரோமனோமெர்மிஸ் ஐயங்காரி என்று அவர் பெயரைப் பெற்றது.

நீர்நிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்ற இந்த முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1947இல் டைஎதில்கார்பமசின் மருந்து அறிமுகமான பின் குளத்தை ஆராயத் தேவை என்ன? இந்தியா 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 2004 முதல் ஆண்டுக்கொரு முறை பெருந்திரள் மருந்து வழங்கலை நாடளாவ விரித்தது. அதன் பயனை மறுக்க முடியாது. ஆயினும் நோய்க்குறி இல்லாமல் நுண்புழுவைச் சுமப்பவர், நலமாயிருக்கும் தமக்கு மாத்திரை எதற்கு என்று தவிர்த்துவிடுவதுண்டு. அப்படித் தப்பும் சிலரிடமிருந்து கொசு மீண்டும் புழுவைப் பரப்ப முடியும். இலங்கையில் மலாயி வகை 1960களின் இறுதியோடு மறைந்ததாகக் கருதப்பட்டது. நாற்பதாண்டுக்குப் பின் மீண்டும் தென்பட்டது. மருந்து புழுவைக் குறைக்கும். கொசுவின் வாழிடம் அப்படியே இருந்தால் அது திரும்பிவர வழியும் இருக்கும்.

சேர்த்தலையில் புதுச்சேரிக் கொசுக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் செய்த பணி ஐயங்காரின் பார்வையை அடுத்த படிக்கு உயர்த்தியது. பி. கே. ராஜகோபாலன் தலைமையிலான அம்மையம், குளங்களைத் துப்புரவாக்கி மீன் வளர்க்க மக்களை ஊக்கியது. செடியை நீக்கச் சொன்னதோடு நிற்காமல், நீக்கியவருக்கு வருவாயும் காட்டியது. நோய்த் தடுப்பு அங்கே வாழ்வாதாரமாயிற்று.

ஐயங்கார் பின்னாளில் மாலத்தீவிலும் தாய்லாந்திலும் இந்நோயை ஆராய்ந்து 1952, 1953 ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதினார்; தென் பசிபிக் ஆணையத்துக்காக விரிவான நூலடைவும் தொகுத்தார். மாலத்தீவு 2016இலும் தாய்லாந்து 2017இலும் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அந்நிறுவனம் ஏற்றது. இந்தியாவின் இலக்கு ஆண்டு 2027. அதை எட்ட மாத்திரைக் கணக்கு மட்டும் போதாது. திருவனந்தபுரத்தின் தம்பானூர் வழியே ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையில் எந்தக் கொசு பெருகுகிறது, சேர்த்தலைக் குளத்தில் எது பெருகுகிறது என்று இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்த பூச்சியியலாளர் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். அப்பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதே அரசுகள் உடனடியாகச் செய்ய வேண்டிய காரியம்.