சித்தூர் எல்லையோடு நின்ற கொடி: சாவிஞோன் பிளாங் திராட்சையின் தென்னிந்திய வரலாறு

1938 அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே நாளில் ராஜாஜியின் அமைச்சரவை சேலத்தில் தொடங்கிய திட்டத்தின் இரண்டாம் கட்டம் அது. கடப்பையும் அப்போதே சேர்ந்தது. வட ஆர்க்காட்டின் முறை மறு ஆண்டு வந்தது. சரியாக அரை நூற்றாண்டு கழிந்து, 1988இல், நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாப்பூர் அருகே கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை ஊன்றினார். பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியிலிருந்து நந்தி மலை நேர்கோட்டில் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். இரண்டும் ஒரே தக்காணச் செம்மண் மேட்டின் பகுதிகள். மழையளவிலும் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் ஒரு பக்கம் வெள்ளை வைன் பிறந்தது. மறுபக்கம் மாங்கூழ் பிறந்தது. மண்ணை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டம், சந்தை, அவை வந்து சேர்ந்த காலம் ஆகிய மூன்றும் மண்ணுக்கு நிகராக இங்கே வேலை செய்திருக்கின்றன.

இந்திய வெள்ளை வைன்களில் பரவலாக அறியப்பட்ட வகை சாவிஞோன் பிளாங். அதன் தாயகம் பிரான்சின் மேற்குப் பகுதி. போர்தோ வட்டாரத்திலும் லுவார் ஆற்றுப் படுகையிலும் அது நெடுங்காலமாக வளர்ந்து வந்தது. அதன் வம்சாவளி தெளிவானது மிக அண்மையில்தான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் பவர்ஸும் கேரல் மெரிடித்தும் 1997இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, உலகப் புகழ்பெற்ற சிவப்பு வகையான காபர்னே சாவிஞோன், காபர்னே பிராங்குக்கும் சாவிஞோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று நிறுவியது. யாரும் திட்டமிட்டுக் கலந்ததாகச் சான்றில்லை; அருகருகே நின்ற கொடிகளின் மகரந்தம் தானாகக் கலந்ததன் விளைவு அது. சிவப்பு வைனின் அரசனுக்கு ஒரு வெள்ளைத் திராட்சை பெற்றோர் என்ற செய்தி வைன் உலகத்தை அன்று உலுக்கிவிட்டது.

லுவார் படுகையின் சான்செர் என்ற ஊர் இந்தத் திராட்சையின் வரலாற்றில் முக்கியமானது. இன்று அந்தப் பெயரைக் கேட்டாலே வெள்ளை வைன் நினைவுக்கு வரும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அங்கே மிகுந்திருந்தவை சிவப்பு வகைகள். அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்ற வேர்ப்பேன் அந்தத் தோட்டங்களை அழித்தது. எதிர்ப்புத் திறன் கொண்ட அமெரிக்க வேர்ச்செடியின்மேல் ஒட்டுக்கட்டி மீண்டும் நட வேண்டிய நிலை வந்தபோது, ஒட்டு நன்றாகப் பிடித்த சாவிஞோன் பிளாங்கைப் பலர் தேர்ந்தனர். 1936இல் சான்செரின் வெள்ளை வைனுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பிடச் சான்று கிடைத்தது. சிவப்புக்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வட்டாரத்தின் 'மரபு' என்று நாம் வணங்குவது சில நேரங்களில் ஒரு பூச்சித் தாக்குதலுக்குப் பிறகு எடுத்த அவசர முடிவாக இருக்கிறது. சித்தூரைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

மக்கள் சாவிஞோன் பிளாங்கை விரும்பக் காரணம் அதன் வாசம். நறுக்கிய பச்சைக் குடைமிளகாய், அப்போதுதான் வெட்டிய புல் ஆகியவற்றின் மணம் இதில் உண்டு. மெத்தாக்சிபைரசீன் என்ற சேர்மங்கள்தான் அதற்குக் காரணம். குடைமிளகாயிலும் இருப்பவை அவையே. ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு ஒரு லிட்டரில் கரைந்திருந்தாலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பழம் பழுக்கப் பழுக்க, வெயில் படப் பட இது குறையும். இன்னொரு மணம் தயோல் சேர்மங்களால் வருவது. பேஷன் பழத்தையும் கொய்யாவையும் நினைவூட்டும். இந்தத் தயோல்கள் பழத்தில் பெரும்பாலும் மணமற்ற வடிவில் கட்டுண்டு கிடக்கின்றன. நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அவற்றை விடுவிக்கிறது. மூன்றாவது குணம் புளிப்பு. இரவு குளிர்ந்தால் பழத்தின் மாலிக் அமிலம் தங்கும். இரவும் புழுங்கினால் அமிலம் எரிந்து போகும், வைன் தட்டையாகும். ஆகவே இந்தத் திராட்சையை வெப்ப மண்டலத்தில் வளர்ப்பவருக்கு உயரம் வேண்டும், குளிர்ந்த இரவு வேண்டும், பறிக்கும் நாளைத் தவறவிடாத கண் வேண்டும்.

இந்த வாசத்தை உலகறியச் செய்தது பிரான்ஸ் அல்ல, நியூசிலாந்து. 1973இல் மொன்டானா நிறுவனம் அங்குள்ள மார்ல்பரோ சமவெளியில் வைன் திராட்சையை நடத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் ஆட்டு மேய்ச்சல் நிலமாக இருந்த பகுதி அது. 1985இல் தொடங்கிய கிளவுடி பே நிறுவனத்தின் சாவிஞோன் பிளாங், லண்டன் மதுக்கடைகளில் பெயர் பெற்றது. முன்பின் வைன் மரபே இல்லாத ஒரு சமவெளி, ஒரு தலைமுறைக்குள் ஒரு திராட்சையின் இரண்டாம் தாயகமாகிவிட்டது. நாசிக்கிலும் நந்தி மலையிலும் துணிந்து முதலிட்டவர்களுக்கு இது கண்ணெதிரே இருந்த சான்று.

ஆனால் இந்தியாவில் இடர் வேறு மாதிரியானது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். இங்கே உறக்கமே இல்லை. விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் வெட்டுவது கொடியின் கிளைகளை உருவாக்க. செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது பழம் பிடிக்க. அறுவடை பனிக்கால இறுதியில், வெயில் ஏறுவதற்கு முன். மழையில் பழம் சிக்கினால் அடிச்சாம்பல் நோய் அள்ளிக்கொண்டு போகும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை விவசாயிகளுக்குக் கவாத்துக் கணக்கு கைவந்த கலை. அவர்கள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடையே எடுக்கிறார்கள். வைன் திராட்சையில் அப்படிச் செய்தால் வாசம் நீர்த்துவிடும் என்பதால் இரண்டு கவாத்துக்கு ஒரே அறுவடை. இந்த ஒழுக்கம்தான் இந்திய வெள்ளை வைனின் உண்மையான தொழில்நுட்பம் என்று நான் கருதுகிறேன். எஃகுத் தொட்டியும் குளிரூட்டியும் பணம் கொடுத்தால் வந்துவிடும். கவாத்தை ஆண்டாண்டாகத் தோட்டத்தில்தான் கற்க வேண்டும்.

நந்தி மலைப் பகுதியில் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுக் குளிர் கிடைத்தது. குரோவர் பல பிரெஞ்சு வகைகளைச் சோதித்துப் பார்த்தே சிலவற்றை நிலைநிறுத்தினார். போர்தோவின் ஆலோசகர் மிஷல் ரோலான் 1990களில் அவருக்குத் துணை வந்தார். நாசிக்கில் ராஜீவ் சமந்த் 1997இல் சாவிஞோன் பிளாங்கையும் செனின் பிளாங்கையும் நட்டார். அவர் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் வைன்கள் 2000இல் வந்தன. மகாராஷ்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் திராட்சை வைனுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தன. இரண்டுமே வைனைச் சாராயத்தோடு சேர்க்காமல் வேளாண் பதப்படுத்தலாகப் பார்த்த கொள்கைகள்.

இனி எல்லைக்கு இந்தப் பக்கம், சித்தூருக்கு வருவோம். திருப்பதி நகரம் தாழ்ந்த நிலம், வெயில் கொளுத்தும்; சித்தூர் நகரமும் சுமார் 330 மீட்டர்தான். ஆனால் மேற்கே ஏறினால் பலமனேர், மதனப்பள்ளி என்று மேட்டுநிலம் தொடங்கும். மதனப்பள்ளி ஏறக்குறைய 700 மீட்டர். ஹார்ஸ்லி மலை 1,200 மீட்டரைத் தாண்டும். நாசிக்கின் உயரம் சுமார் 600 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், உயரம் ஒன்றே தடை என்று சொல்ல இடமில்லை.

தடை வேறிடத்தில் இருந்தது. 1938இன் மதுவிலக்கு சித்தூரைச் சென்னை மாகாணத்தின் முதல் உலர் மாவட்டங்களில் ஒன்றாக்கியது. கள் வருவாயை இழந்த கருவூலத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. பின்னாளில் நாம் செலுத்திவந்த விற்பனை வரியின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தாலும், 1948இல் மாகாணம் முழுதும் மீண்டும் வந்தது. 1953இல் சித்தூர் ஆந்திர மாநிலத்துக்குப் போன பின்னும் அரசியலில் மது ஆறாத புண்ணாகவே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடைகளை மறித்தார்கள். அந்தப் போராட்டம் அக்கம்பக்கத்து மாவட்டங்களில் பரவி, 1993இல் சாராயத் தடைக்கும், 1995 ஜனவரியில் என்.டி.ராமராவின் முழு மதுவிலக்குக்கும் வழிவகுத்தது. அந்தப் பெண்களின் கோரிக்கை நியாயமானது. கணவரின் கூலி சாராயத்தில் கரைவதைப் பார்த்தவர்கள் எழுப்பிய குரல் அது. அதை வைன் தொழிலின் வளர்ச்சிக் கணக்கில் ஒரு தடையாகக் குறுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆனால் காலத்தின் பொருத்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு தளர்ந்த ஆண்டு 1997. சமந்த் நாசிக்கில் கொடி ஊன்றியதும் அதே ஆண்டு. இந்தியாவில் வைன் வேர்விட்ட ஆண்டுகளில் மதனப்பள்ளி மேட்டில் ஒருவர் திராட்சைக்கு முதலிடத் துணிய எந்தக் காரணமும் இல்லை. அதற்குக் கிழக்கே திருமலை இருக்கிறது. மது, புலால், புகை மூன்றும் விலக்கப்பட்ட மலை அது. கோயில் ஊரின் பெருமிதமும் இந்த வட்டாரத்தின் மனநிலையில் கலந்திருக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு பழம் அந்த இடத்தை நிரப்பியிருந்தது. தெலுங்கில் தோத்தாபுரி, நம் பக்கம் கிளிமூக்கு. கிருஷ்ணகிரியிலும் கோலாரிலும் விளையும் அதே மாங்காய், சித்தூரில் கூழ் ஆலைகளின் மூலப்பொருளாயிற்று. சதைப்பற்று மிகுதி, புளிப்பு உண்டு, அல்போன்சாவைவிட விலை குறைவு. நாடு முழுதும் கடைகளில் விற்கும் மாம்பழப் பானங்களுக்கு இந்தக் கூழே அடிப்படை. சாவிஞோன் பிளாங்கிலும் தோத்தாபுரியிலும் தொழில் தேடியது ஒன்றைத்தான்: அமிலம். வெறும் இனிப்பு பானமாக நிற்காது என்பது திராட்சைக்காரருக்கும் மாங்கூழ்க்காரருக்கும் தெரியும்.

ஆனால் இரண்டு தொழில்களுக்கும் உள்ள வேறுபாடு விவசாயியின் கையில் தெரிகிறது. வைன் புட்டியில் திராட்சையின் பெயரும் விளைந்த ஊரும் அச்சாகின்றன. அந்தப் பெயருக்காகவே வாங்குபவர் கூடுதல் விலை தருகிறார். மாம்பழப் பானத்தின் முன்பக்கத்தில் சித்தூரின் பெயர் இல்லை. 2025 கோடையில் கூழ் தேங்கி, விளைச்சலும் மிகுந்து, தோத்தாபுரி விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும். வெளிமாநிலத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று சித்தூர் நிர்வாகம் ஆணையிட்டது. கோலார் விவசாயிகளின் காய் எல்லையிலேயே நின்றதால் கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார்.

சான்செரின் விவசாயிகள் பிலாக்சராவுக்குப் பின் எந்தத் திராட்சையை நடுவது என்று யோசித்தது போன்ற ஒரு நெருக்கடியில்தான் இன்று பலமனேர், பங்காருபாளையம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்கள் திராட்சைக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூபகுண்டாவின் நினைவு இருக்கும் மண்ணில் அந்த முடிவை வெளியிலிருந்து யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. சாவிஞோன் பிளாங்கிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது புட்டியின் முன்பக்கம். எந்த ஊர்த் தோப்பின் காய் என்று கூழ்ப் பீப்பாயிலும் பானக் குப்பியிலும் எழுத ஆலைகள் முன்வந்தால், சித்தூர் விவசாயி விலை பேசும்போது கையில் ஒரு பிடி இருக்கும்.